சொந்த நாட்டுக் கணக்கிலிருந்து குடியேறிய நாட்டுக்குப் பணம் கொண்டுவர எது நல்ல வழி?

புதுக்கரை:

வணக்கம். சம்பாதித்த பணத்தை ஊருக்கு அனுப்புவது பற்றி எங்கும் பேச்சு இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது அதன் எதிர்த்திசை. பழைய நாட்டு வங்கியில் இருக்கும் பணத்தை, இப்போது குடியிருக்கும் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கணக்கு டாலரில், புதிய கணக்கு யூரோவில்.

தேவை மூன்று விதம்.

1. வந்து இறங்கியதும் வீட்டு முன்பணம், முதல் இரண்டு மாதச் செலவு: 4,000 டாலர்.
2. பழைய நாட்டில் மாதாமாதம் வரும் ஓய்வூதியம்: 800 டாலர்.
3. வீடு வாங்க ஒரே ஒரு முறை: 90,000 டாலர்.

வங்கி வழியாக ஸ்விஃப்ட் அனுப்புவதா, செயலி வழியாகவா? "கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் எங்கே கழிகிறது? பெரிய தொகை நடுவழியில் நின்றுவிடாமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்?

—

கணக்குப்பிள்ளை:

கட்டணத்தைப் பார்க்காதீர்கள், கையில் வந்து சேரும் தொகையைப் பாருங்கள். பணம் அதிகம் கழிவது மாற்று விகிதத்தில்தான், அது எந்த ரசீதிலும் தனி வரியாக வராது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இன்றைய நடுச்சந்தை விகிதம் 1 டாலருக்கு 0.90 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் இந்த விகிதம். கூகுளிலும் எக்ஸ்.ஈ தளத்திலும் தெரிவது இதுவே. 4,000 டாலர் இந்த விகிதத்தில் 3,600 யூரோ.

வங்கி தன் விகிதத்தை 3 சதவீதம் குறைத்து 0.873 என்று வைக்கிறது. உடனே 108 யூரோ போயிற்று. அனுப்பும் கட்டணம் 4,000க்கு மேல் தனியாக 25 டாலர், அதாவது 22.50 யூரோ. வழியில் இடைவங்கி 15 யூரோ எடுக்கிறது, பெறும் வங்கி 10 யூரோ எடுக்கிறது. கணக்கில் ஏறுவது 3,467 யூரோ. மொத்தம் கழிந்தது 155.50. அதில் ரசீதில் கட்டணம் என்று தெரிந்தது 22.50 மட்டும்.

அதே 4,000 டாலரை நடுச்சந்தை விகிதத்திலேயே மாற்றி, 0.6 சதவீதம் வெளிப்படையாகக் கட்டணம் வாங்கும் நிறுவனம் வழியாக அனுப்பினால் கட்டணம் 24 டாலர், மீதி 3,976 டாலர், வந்து சேர்வது 3,578.40 யூரோ. கழிவு 21.60.

"கட்டணம் இல்லை" என்பவர் விகிதத்தில் 2 சதவீதம் வைத்தால் 72 யூரோ எடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஆகவே எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என் கணக்கிலிருந்து மொத்தம் இத்தனை டாலர் போனால், அந்தக் கணக்கில் எத்தனை யூரோ ஏறும்?" இரண்டு மூன்று இடங்களில் அடுத்தடுத்த நிமிடங்களில் கேட்க வேண்டும். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று கேட்டால் சந்தை நகர்ந்திருக்கும், ஒப்பிட்டுப் பயனில்லை.

வைஸ் போன்ற பணப் பரிமாற்றச் செயலி நிறுவனங்களால் குறைவாக வாங்க முடிவதற்குக் காரணம் எளிது. அவர்களுக்கு இரண்டு நாட்டிலும் உள்ளூர் வங்கிக் கணக்கு இருக்கிறது. நீங்கள் பழைய நாட்டில் அவர்களுடைய டாலர் கணக்கில் உள்ளூர்ப் பரிமாற்றமாகப் போடுகிறீர்கள். அவர்கள் இங்கே தங்கள் யூரோ கணக்கிலிருந்து உள்ளூர்ப் பரிமாற்றமாகவே உங்களுக்குப் போடுகிறார்கள். உங்கள் பணம் தனியாக எல்லை தாண்டுவதே இல்லை, அதனால் இடைவங்கி என்ற ஆளும் இல்லை.

இதில் சறுக்கும் இடம், செயலிக்குப் பணம் கட்டும் விதம். வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் மலிவு. டெபிட் அட்டைக்குக் கொஞ்சம் கூடும். கிரெடிட் அட்டையில் கட்டினால் பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாகக் கணக்கிட்டு அன்றைக்கே வட்டி போட ஆரம்பிக்கும். அமெரிக்கக் கணக்கு என்றால் ஏ.சி.ஹெச் (அந்நாட்டு வங்கிகளுக்கிடையே நடக்கும் சாதாரண உள்நாட்டுப் பரிமாற்றம்) மலிவுதான், ஆனால் அது திரும்பப் பெறக்கூடிய பரிமாற்றம் என்பதால் நிறுவனம் சில நாள் காத்திருந்துதான் மறுபக்கம் பணத்தை விடும். அவசரமென்றால் உள்நாட்டு வயர், அதாவது வேகமான வங்கிப் பரிமாற்றம், அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, வெள்ளி மாலை நியூயார்க் நேரம் 5 மணிக்கு நாணயச் சந்தை மூடினால் ஞாயிறு மாலைதான் திறக்கும். அந்த இடைவெளியில் விகிதம் எங்கே போகுமோ என்று சில செயலிகள் கூடுதல் சதவீதம் வைத்துக்கொள்கின்றன. செவ்வாய், புதன் பகல் நேரத்தில் மாற்றினால் இந்தத் தொல்லை கிடையாது.

—

தந்திக்கம்பி:

மேலே சொன்னது சரி. ஆனாலும் ஸ்விஃப்டை ஒதுக்கிவிட முடியாது. எல்லா நாணயத்துக்கும் எல்லா நாட்டுக்கும் செயலி கிடையாது, தொகை வரம்பும் உண்டு. வீடு விற்பவரின் வழக்கறிஞர் வங்கிப் பரிமாற்றம்தான் வேண்டும் என்றும் சொல்லலாம். எங்கே இடறும் என்பது தெரிந்தால் போதும்.

ஸ்விஃப்ட் என்பது பணத்தைச் சுமந்துபோகும் வண்டி அல்ல. 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கிய, வங்கிக்கும் வங்கிக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் அமைப்பு. உங்கள் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரடிக் கணக்குறவு இல்லையென்றால், இருவருக்கும் பொதுவான இடைவங்கி ஒன்றோ இரண்டோ நடுவில் வரும். ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும்.

யார் அந்தச் செலவை ஏற்பது என்று படிவத்தில் மூன்று தெரிவுகள் இருக்கும். ஓ.யு.ஆர் என்றால் எல்லாம் அனுப்புபவர் தலையில். பி.இ.என் என்றால் எல்லாம் பெறுபவர் தொகையிலிருந்து. எஸ்.ஹெச்.ஏ என்றால் அவரவர் வங்கிச் செலவு அவரவருக்கு, இடைவங்கிச் செலவு வந்துசேரும் தொகையிலிருந்து. வீட்டு முன்பணம் போல ஒரு சென்ட்கூடக் குறையக் கூடாத தொகைக்கு ஓ.யு.ஆர் போடுங்கள். அப்போதும் பெறும் வங்கி தனியாக உள்வரவுக் கட்டணம் எடுக்கக்கூடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள்ளேயே அனுப்பும்போது எஸ்.ஹெச்.ஏ தான் விதி.

எண்கள். ஐபேன் (பன்னாட்டு வடிவில் எழுதிய வங்கிக் கணக்கு எண்) உள்ள நாடென்றால் தட்டச்சுப் பிழை பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்த இரண்டு இலக்கங்கள் 97ஆல் வகுத்துச் சரிபார்ப்பதற்காகவே இருக்கின்றன. நீளம் நாட்டுக்கு நாடு மாறும்: நார்வேக்கு 15, ஜெர்மனிக்கு 22, பிரான்ஸுக்கு 27. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் ஐபேன் இல்லை. அங்கே கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் அது வேறொருவருடைய எண்ணாகவே இருக்கக்கூடும். அமெரிக்காவில் இன்னொரு சிக்கல்: வங்கியைக் குறிக்கும் 9 இலக்க ரவுட்டிங் எண், ஒரே வங்கியில்கூட வயருக்கு ஒன்றும் ஏ.சி.ஹெச்சுக்கு வேறொன்றுமாக இருக்கலாம். காசோலையில் அச்சிட்டிருப்பதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பன்னாட்டுப் பரிமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து. கடைசி மூன்று எழுத்து கிளையைக் குறிக்கும், தலைமை அலுவலகத்துக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ்.

நாணயம். யூரோ கணக்குக்கு டாலராகவே அனுப்பிவிட்டால் பெறும் வங்கி தனக்குப் பிடித்த விகிதத்தில் மாற்றும், உங்களிடம் கேட்காது. சில வங்கிகள் ஏற்காமல் திருப்பியே அனுப்பிவிடும். நீங்கள் யூரோவாக மாற்றி அனுப்பி, அது திரும்பி வந்தால் இன்னும் மோசம். போகும்போது விற்கும் விகிதம், வரும்போது வாங்கும் விகிதம், இரண்டு பக்கமும் இடைவங்கிக் கழிவு. ஒரு எழுத்துப் பிழைக்காக 6, 7 சதவீதம் கரைந்துவிடும்.

பெயர். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயர், பழைய வங்கியில் இனிஷியல், புதிய வங்கியில் முன்னும் பின்னும் மாறிய பெயர் என்று இருந்தால் பணம் சரிபார்ப்புக்கு ஒதுங்கி நிற்கும். பணம் அனுப்புவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். யூரோ பகுதிக்குள் 2025 அக்டோபர் 9 முதல் ஐபேனும் பெயரும் பொருந்துகிறதா என்று அனுப்பும் வங்கி சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து வரும் ஸ்விஃப்டுக்கு அந்தக் காவல் கிடையாது.

குறிப்பு எழுதும் இடத்தில் "வீட்டு முன்பணம்", "சொந்தச் சேமிப்பு" என்பதுபோல நேராக எழுதுங்கள். தடைப் பட்டியலில் உள்ள ஆளோ ஊரோ கப்பலோ போல ஒலிக்கும் சொல் இருந்தாலே இயந்திரம் நிறுத்திவிடும், பிறகு மனிதர் பார்த்து விடுவிக்க நாள் பிடிக்கும். ஐக்கிய அரபு அமீரகம், சீனா போன்ற நாடுகளுக்கு நோக்கக் குறியீடு கட்டாயம். 2025 நவம்பரில் வங்கிகளிடையேயான செய்திகள் பழைய எம்.டி வடிவத்தை விட்டு ஐ.எஸ்.ஓ. 20022க்கு மாறிவிட்டதால், முகவரியில் ஊரையும் நாட்டையும் அவற்றுக்குரிய கட்டங்களில் தனித்தனியாக நிரப்புவது நல்லது.

பணம் வரவில்லையா? "அனுப்பிவிட்டோம்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய யு.இ.டி.ஆர் என்ற 36 எழுத்துக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த வங்கியில், எப்போதிலிருந்து, எவ்வளவு கழிந்து நிற்கிறது என்று அதை வைத்துப் பார்க்க முடியும். பெறும் வங்கியிடமும் அதே குறியீட்டைக் கொடுங்கள். தவறான கணக்கில் ஏறிவிட்டால் அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் பொதுவாகத் திரும்ப வரும். ஏறுவதற்கு முன் திரும்பப்பெறும் கோரிக்கை போய்ச் சேர வேண்டும், அதனால் பிழை தெரிந்த அந்த நிமிடமே வங்கியை அழைக்க வேண்டும்.

—

புதுக்கரை:

மிக்க நன்றி. 90,000 பற்றி யாராவது சொல்லுங்கள். ஐந்தைந்தாயிரமாகப் பிரித்து அனுப்பினால் கேள்வி வராது என்று சிலர் சொல்கிறார்களே?

—

ஆவணப்பெட்டி:

அதைச் செய்யவே செய்யாதீர்கள். ஒரே தொகையைச் சிறு சிறு துண்டாக்குவதுதான் வங்கியின் கண்காணிப்பு முதலில் தேடும் அடையாளம். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கம் பற்றி வங்கி அரசுக்குத் தரும் அறிக்கையைத் தவிர்க்கத் துண்டாக்குவது, பணம் நேர்மையானதாக இருந்தாலும், தனிக் குற்றம். ஒரே தொகையாக, காகிதத்தோடு அனுப்புங்கள். வரம்பு காரணமாகப் பிரித்தே ஆக வேண்டுமென்றால் ஒப்பந்த நகலைக் கொடுத்து, இத்தனை தவணையாக வரும் என்று இரண்டு பக்கத்து வங்கிக்கும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

எந்தக் காகிதம்? பணம் எங்கிருந்து பிறந்தது என்று காட்டும் காகிதம். நிலம் விற்ற பணமென்றால் விற்பனைப் பத்திரம், அந்தத் தொகை உங்கள் கணக்கில் ஏறிய நாள் தெரியும் ஸ்டேட்மென்ட், வரி கட்டிய ரசீது. சேமிப்பென்றால் சம்பளச் சீட்டுகளும் மூன்று முதல் ஆறு மாத ஸ்டேட்மென்டும். பத்திரத்தில் உள்ள தொகைக்கும் கணக்கில் ஏறிய தொகைக்கும் இப்போது அனுப்பும் தொகைக்கும் இடையே சங்கிலி அறுபடக் கூடாது. அப்பா கணக்கில் ஏறி, தம்பி கணக்குக்குப் போய், உங்களிடம் வந்த பணத்துக்கு ஒவ்வொரு தாவலுக்கும் தனிக் காகிதம் கேட்பார்கள். முடிந்தவரை உங்கள் பெயர்க் கணக்கிலிருந்து உங்கள் பெயர்க் கணக்குக்கே அனுப்புங்கள். வேறு மொழிப் பத்திரங்களுக்குச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு தேவைப்படலாம், அதற்கே ஓரிரு வாரம் ஒதுக்குங்கள்.

அடுத்து, பழைய நாடு பணத்தை வெளியே விடுமா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு நாணயத்துக்கு ஆண்டு வரம்பு வைத்திருக்கும் நாடுகள் உண்டு. சீனாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், இந்தியாவில் உள்நாட்டவராக இருப்பவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். குடியிருப்பு நிலை மாறியதை வங்கிக்குச் சொன்னால் பொருந்தும் விதியும் மாறும். அதனால் கிளம்புவதற்கு முன்னும் பின்னும் எந்த விதி உங்களுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெறும் நாட்டிலும் சில கடமைகள் இருக்கும். ஜெர்மனியில் 50,000 யூரோவுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால், அங்கே குடியிருப்பவரே மத்திய வங்கிக்கு அறிக்கை தர வேண்டும். 2025க்கு முன் அந்த வரம்பு 12,500. அமெரிக்காவில் வரிக் குடியிருப்பு உள்ளவர், வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தர வேண்டும். சொந்தச் சேமிப்பை இடம் மாற்றுவது பொதுவாக வருமானம் ஆகாது. ஆனால் தாய்லாந்து 2024 முதல், வரிக் குடியிருப்பாளர்கள் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி கேட்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் எது பழைய சேமிப்பு, எது புதிய வருமானம் என்று கணக்கைத் தனித்தனியே வைத்திருந்தால்தான் தப்பிக்கலாம்.

விகிதத்துக்கு வருகிறேன். 90,000 டாலரில் 1 சதவீதம் 900 டாலர். இந்த அளவுக்கு நாணயத் தரகு நிறுவனங்களிடம் பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும். மூன்று மாதம் கழித்துத்தான் பணம் கட்ட வேண்டுமென்றால் இன்றைய விகிதத்தைப் பூட்டிவைக்கும் முன்னொப்பந்தம் உண்டு. தொகையில் 5 முதல் 10 சதவீதம் முன்வைப்பாகக் கேட்பார்கள். இதில் ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது: வீட்டுப் பேரம் முறிந்தாலும் நீங்கள் அந்த யூரோவை வாங்கியே தீர வேண்டும், சந்தை எதிராகப் போயிருந்தால் நட்டம் உங்களுடையது. பேரம் கையெழுத்தாகும் முன் முழுத் தொகையையும் பூட்டாதீர்கள்.

எந்த நிறுவனமானாலும் உரிமம் இருக்கிறதா என்று கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டிலேயே பாருங்கள். பிரிட்டனுக்கு எஃப்.சி.ஏ, ஜெர்மனிக்கு பாஃபின், சிங்கப்பூருக்கு எம்.ஏ.எஸ். நிறுவனம் தன் தளத்தில் போட்டிருக்கும் சின்னம் சான்று ஆகாது. செயலிக் கணக்கில் பெருந்தொகையை வைத்திருக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய வங்கியில் ஒருவருக்கு ஒரு வங்கிக்கு 1,00,000 யூரோ வரை வைப்புக் காப்பு உண்டு. செயலி நடத்தும் மின்பண நிறுவனத்தில் உங்கள் பணம் தனியாக ஒதுக்கிவைக்கப்படுமே தவிர அந்தக் காப்பு கிடையாது.

கடைசி நேரத்தில் "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் அனுப்புவதை நிறுத்துங்கள். அந்த அஞ்சலில் உள்ள எண்ணை அழைக்காமல், முதல் நாள் நேரில் வாங்கிய எண்ணை அழைத்து ஐபேனை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். முதலில் 100 டாலர் அனுப்பி, வந்து சேர்ந்தது என்று அவர் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்.

—

சில்லறைப்பை:

எல்லாரும் கணக்கு இருக்குன்னு வச்சுப் பேசுறாங்க. முதல் ரெண்டு மூணு வாரம் புது நாட்டுல கணக்கே இருக்காது, அதைச் சொல்றேன்.

கிளம்புறதுக்கு முன்னாடியே ரெண்டு அட்டை, ரெண்டு வேற வேற வங்கியோடது எடுத்துக்கோங்க. ஒண்ணு முடங்கினா இன்னொண்ணு. வெளிநாட்டுப் பயன்பாட்டுக் கட்டணம் சில அட்டைல 3 சதவீதம் வரைக்கும் இருக்கும், சிலதுல கிடையாது. ஏடிஎம்ல "உங்க நாட்டு நாணயத்துல பிடிக்கட்டுமா?"ன்னு திரை கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. சரின்னு அழுத்தினா அந்த ஏடிஎம்காரர் வச்ச விகிதம்தான், பல சதவீதம் போயிடும். கடையில அட்டை தேய்க்கும்போதும் அதே கேள்வி வரும், அங்கயும் உள்ளூர் நாணயம்தான். ஒவ்வொரு தடவைக்கும் நிலையான கட்டணம் இருந்தா அம்பது அம்பதா எடுக்காம ஒரே தடவை எடுங்க. நாள் வரம்பை முன்னாடியே ஏத்தி வச்சுக்கோங்க.

ரொக்கமா கொண்டுபோறது தப்பில்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள நுழையும்போது 10,000 யூரோவும் அதுக்கு மேலயும்னா அறிவிக்கணும், அமெரிக்காவுல 10,000 டாலருக்கு மேலன்னா அறிவிக்கணும். அறிவிச்சா வரி கிடையாது, அறிவிக்காம மாட்டினாதான் பறிமுதல்.

எல்லாத்தையும் விட முக்கியமானது, பழைய சிம். பழைய வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் செத்துட்டா பணம் இருந்தும் எடுக்க முடியாது, மாத்தணும்னா கிளைக்கு நேர்ல வாங்கம்பாங்க. ரோமிங்ல குறுஞ்செய்தி வருதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு, உயிரோட வைக்க எவ்வளவு ரீசார்ஜ்னு பார்த்துக்கோங்க. வங்கியில செயலி வழி உறுதிப்படுத்தல் இருந்தா அதுக்கு மாறிடுங்க. புதுப் பயனாளியைச் சேர்த்தா பல வங்கி ஒரு நாள் வரைக்கும் காக்க வைக்கும், முதல் நாள் சின்னத் தொகைதான் விடும். முன்பணம் கட்டுற அன்னைக்குக் காலைல போய்ச் சேர்க்காதீங்க.

கணக்கு திறக்கிற வரைக்கும் அவசரம்னா வெஸ்டர்ன் யூனியன் மாதிரி ரொக்கமா வாங்குற சேவை இருக்கு, அனுப்பும்போது கிடைக்கிற 10 இலக்க எண்ணும் பாஸ்போர்ட்டும் போதும். விகிதம் நல்லா இருக்காது, அதனால அவசரத்துக்கு மட்டும். எச்.எஸ்.பி.சி மாதிரி பல நாட்டுல இருக்குற வங்கியில சிலருக்குப் புது நாட்டுக் கணக்கைக் கிளம்பும் முன்னாடியே திறந்து தருவாங்க. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு கேட்குறாங்கன்னு பாருங்க.

உண்டியல், ஹவாலான்னு வங்கிக்கு வெளிய ஆள் வழியா கை மாத்துறது வேண்டவே வேண்டாம். உங்க கணக்குல ஏறுற பணம் யாரோ முன்பின் தெரியாத ஆளோடதா இருக்கும். அது மோசடிப் பணம்னா முடங்குறது உங்க கணக்கு, காட்ட உங்ககிட்ட ஒரு காகிதமும் இருக்காது. வெளிநாட்டுக் காசோலையும் வேண்டாம். வாரக்கணக்குல இழுக்கும், கணக்குல ஏறின பிறகும் திரும்பினா மொத்தத்தையும் பிடிச்சுக்குவாங்க.

—

கணக்குப்பிள்ளை:

மாதம் 800 டாலர் பற்றி யாரும் தொடவில்லை. முதலில் ஓய்வூதியம் கொடுக்கும் அமைப்பையே கேளுங்கள். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு, பிரிட்டன் அரசு ஓய்வூதியம் இரண்டும் பல நாட்டு வங்கிக் கணக்குகளுக்கு நேராகவே செலுத்துகின்றன, நடுவில் நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. அவர்கள் மாற்றும் விகிதத்தை மட்டும் ஒரு மாதம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த வசதி இல்லையென்றால், சதவீதக் கட்டணம் வாங்குபவரிடம் மாதாமாதம் அனுப்பினாலும் மூன்று மாதம் சேர்த்து அனுப்பினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்விஃப்ட் மட்டுமே வழி என்றால் சேர்த்து அனுப்புங்கள். தடவைக்கு 40 டாலர் கழிகிறது என்றால் 800க்கு அது 5 சதவீதம், 2,400க்கு 1.7 சதவீதம்தான். மாதாமாதம் வங்கியே தானாக அனுப்பும் நிலையான உத்தரவு போடுவதாக இருந்தால் ஓய்வூதியம் ஏறும் நாளிலிருந்து மூன்று வேலை நாள் தள்ளித் தேதி வையுங்கள். வரவு ஒரு நாள் தாமதமானாலும் இருப்பு இல்லையென்று உத்தரவு தோற்றுவிடும், சில வங்கிகள் அதற்கும் கட்டணம் போடும்.